பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

அத்தியாயம் 5

“பேனா இருக்கா?” என்று கேட்டார் வாசலில் இருந்த காவலாளி.

“இருக்கு.”

“கொடுங்க.”

கொடுத்தேன். பிறகு பை, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் போயின. சட்டைப் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்ததும் அதற்கும் கை நீட்டினார்.

“இதை வெச்சு எழுத முடியாதுங்க” என்றேன்.

“எலி வரும்.”

“வந்து படிக்கட்டுமே. நல்லதுதானே?”

அவர் சிரிக்கவில்லை. ஆவணக் காப்பகத்தில் சிரிப்பையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. ஆளுக்கு ஒரு பென்சில் கொடுத்து உள்ளே அனுப்பினார்.

“தம்பி, வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு வா” என்றார் அண்ணி.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. அண்ணனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். எரிந்துபோன கடைகளுக்குப் போய், தீ தானாகப் பிடித்ததா, முதலாளி பிடிக்க வைத்தாரா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் உதவியாளன். என் அண்ணன் இவரிடம் பொய் சொல்வதை நிறுத்திப் பதினைந்து வருடம் ஆகிறது. பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டார்.

கேஸ் இதுதான். ஒரு சரித்திரப் பேராசிரியர். ஏழு வருடத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். ஒரு பெரிய அரசியல் தலைவரின் வாழ்க்கையைத் தொள்ளாயிரம் பக்கத்தில் எழுதியவர். தலையணை உயரம் இருக்கும், தலையணையாகவும் பயன்படும். நான் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். அவருடைய காகிதங்கள் நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில் இந்தக் காப்பகத்துக்கு வந்தன. அதில் நாற்பத்தோராவது பெட்டியில், தலைவர் அவருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை என்று லிஸ்ட் சொல்கிறது. எண்ணினால் முப்பதுதான் வருகிறது. பதினேழைக் காணோம்.

போனது வேறு எதுவாக இருந்தாலும் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பதினேழாம் கடிதத்தை வைத்துத்தான் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே நிற்கிறது. தலைமறைவாக இருந்த தலைவரைப் போலீசுக்குக் காட்டிக் கொடுத்தது அவருடைய சொந்தச் செயலாளர் என்று எழுதி, அடியில் பொடி எழுத்தில் ‘தலைவர் கடிதம், எண் 17’ என்று பேராசிரியர் குறிப்புப் போட்டிருந்தார். அந்தப் பொடி எழுத்தில் செயலாளரின் பெயர் நாறிப்போனது. முப்பது வருடமாக நாறிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் பதிப்பகத்தார் புதுப் பதிப்பில் போட அந்தக் கடிதத்தின் புகைப்படம் கேட்டார்கள். பெட்டியைத் திறந்தார்கள், இல்லை. இரண்டு நாள் கழித்து இன்னொன்று தெரியவந்தது. பெட்டிகளுக்குப் பொறுப்பான பெண் காப்பாளரின் வேலை விண்ணப்பத்தில், தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அதே செயலாளர் பெயர் இருந்தது.

இன்று மூன்று மணிக்குக் கமிட்டி. அந்த அம்மாவுக்கு வேலை போகும், அவர் மேல் போலீசுக்குப் புகாரும் போகும். அதற்குள் கடிதத்தை மீட்டுத் தரச் சொல்லி எங்களை அமர்த்தியவர் பேராசிரியரின் மகள். மணி பதினொன்று.

*

“சந்தேகமே வேண்டாம், அந்தம்மாதான்” என்றார் காப்பகத்தின் இயக்குநர். மேஜை மேல் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. காகிதக் கிடங்கை ஆள்கிறவருக்கு நல்ல மேஜை. “ஒன்று முதல் முப்பத்தொன்று வரை பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க பாருங்க.”

“எண்ணிப் பார்த்துட்டா போட்டாங்க?” என்று கேட்டார் அண்ணி.

“நூத்திப் பன்னிரண்டு பெட்டிங்க! லாரி வாசல்ல நிக்குது. லிஸ்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். அப்புறமா நிதானமா எண்ணுவோம்.”

“அப்புறமா எண்ணினீங்களா?”

“எண்ணியிருப்பாங்க.”

“யாரு?”

“அப்புறமா எண்ணறவங்க” என்றார் இயக்குநர்.

நான் குறித்துக்கொள்ளப் பென்சிலை எடுத்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

*

காப்பாளருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். படிப்பறையின் கடைசி மேஜையில், நாற்பத்தோராவது பெட்டியை எங்களுக்காகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வேலை போகப்போகிறவர் மாதிரியே இல்லை. பெட்டியின் மூடியைக்கூடக் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரிதான் கீழே வைத்தார்.

“நீங்க அந்தச் செயலாளர் பொண்ணு” என்றார் அண்ணி.

“ஆமாங்க.”

“ஏன் மறைச்சீங்க?”

“மறைக்கலை. விண்ணப்பத்துல எழுதித்தான் கொடுத்தேன். பதினோரு வருஷமா யாரும் படிக்கலை.”

அது உண்மை என்று இயக்குநரின் மேஜையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

“இந்த வேலைக்கு எதுக்கு வந்தீங்க?”

“அந்த லெட்டரைப் படிக்கத்தான்.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “தன்னோட காகிதமெல்லாம் இங்கதான் வரும்னு பேராசிரியர் பேட்டி கொடுத்தார். அடுத்த மாசமே விண்ணப்பம் போட்டேன். அப்பா சாகற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். தலைவர் என்னைப் பத்தி என்னதான் எழுதியிருக்கார், யாராச்சும் பார்த்துச் சொல்லுங்கன்னு. ஆறு வருஷம் முன்னாடி பெட்டி வந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனாங்க. நான் இதைத் திறந்தேன். பதினாறு இருந்துச்சு, பதினெட்டு இருந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா யாரைச் சந்தேகப்படுவாங்க?”

“இப்ப மட்டும் பக்கத்து வீட்டுக்காரரையா சந்தேகப்படறாங்க?” என்றேன்.

“தம்பி” என்றார் அண்ணி. எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

“வீட்டுல வெச்சுக்கிட்டாங்கன்னு நினைச்சேன்” என்றார் காப்பாளர். “அதுல அப்பாவை ரொம்பக் கேவலமா ஏதாவது எழுதியிருக்கும், அதான் கொடுக்கலைன்னு நினைச்சேன். அம்மாகிட்ட இன்னும் கமிட்டி விஷயத்தைச் சொல்லலை. அப்பா பேரால மறுபடி ஒண்ணுன்னா அவங்க தாங்க மாட்டாங்க.”

அண்ணி கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் மேல் மூலையில் பேராசிரியரின் கையால் பென்சிலில் எண். இடது மூலையில் ஒரு சின்ன ஓட்டை, அதைச் சுற்றித் துரு.

“இது?”

“குண்டூசி. எல்லாத்தையும் ஒரே கட்டா குத்தி வெச்சிருந்தார். விட்டா துரு தாளைத் தின்னுடும். அதனால ஊசியை எடுத்துட்டுத்தான் பெட்டியில வைப்போம்.”

அண்ணி பதினாறாம் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார். பதினெட்டாம் கடிதத்தை நிமிர்த்தி அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். இது அவர் பழக்கம். நான் கண்டுபிடித்தால் எனக்குச் சந்தோஷம், கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சந்தோஷம்.

பதினாறின் முதுகில் இருந்த துருக்கறைக்கு ஒரு வால் இருந்தது, வலப்பக்கம் வளைந்து. பதினெட்டின் முகத்தில் இருந்த கறைக்கும் வால் இருந்தது, இடப்பக்கம் வளைந்து. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஒன்றுக்கொன்று அச்சாக இருந்தன.

“ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருந்திருக்கு” என்றேன்.

“எத்தனை வருஷம்?”

காப்பாளர்தான் பதில் சொன்னார். அவர் குரலே மாறியிருந்தது. “கறை இவ்வளவு ஊறணும்னா இருபது, இருபத்தஞ்சு வருஷம்.”

“நடுவுல ஒரு தாள் இருந்து, பெட்டி வந்தப்புறம் யாராவது உருவியிருந்தா?”

“இப்படிப் பொருந்தாது. நடுத்தாள்லதான் கறை இறங்கியிருக்கும்.”

“முன்னாடியே உருவிட்டு மறுபடி குத்தியிருந்தா?”

“அப்ப ரெண்டு ஓட்டை இருக்கும். எதுலயும் ஒரு ஓட்டைதான்.” நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஆறு வருஷமா பதினேழைத் தேடினேங்க. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை.”

“இதைக் கொண்டுபோய்க் காட்டினா ஆச்சே?” என்றேன்.

“துருவைக் காட்டினா, ஊசியை எடுத்ததே இவங்கதானேம்பாங்க” என்றார் அண்ணி. “பதினேழு இங்க வரவே இல்லை. சரி. இல்லாத லெட்டருக்கு எதுக்கு நம்பர்?”

பதினெட்டாம் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படித்தார். மொத்தமே நாலு வரி. தலைவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. மருந்து கசக்கவில்லை, விலைதான் கசக்கிறது என்று எழுதியிருந்தார். கடைசியில், ‘நீங்கள் கேட்டது வேண்டாம். கோபத்தில் சொன்னது. வேலையைப் பாருங்கள்.’

“எதைக் கேட்டாராம்?”

“அட்டைப்படத்துக்குப் போட்டோ கேட்டார்னுதான் எல்லாரும் நினைச்சிருக்கோம்” என்றார் காப்பாளர்.

“கோபமா இருக்கறப்ப போட்டோ தரேன்னு எவனாவது சொல்வானா?” என்றேன்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. “வந்த லெட்டர் எல்லாம் இருக்கு. பேராசிரியர் போட்ட லெட்டருக்கு நகல் எங்க?”

“ஒண்ணுகூட வரலைங்க.”

*

பேராசிரியரின் மகள் வராந்தா பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர். கண்ணில் நெருப்பு. காப்பாளரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எரிச்சுட்டாளா, இல்ல கிழிச்சுட்டாளா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

“அப்பா தான் போடற லெட்டருக்கு நகல் வெச்சுப்பாரா?” என்றார் அண்ணி, அது காதில் விழாத மாதிரி.

“நகல் இல்லாம எங்க வீட்டுலேர்ந்து ஒரு லெட்டர் போகாது. பால்காரருக்கு எழுதினாக்கூடக் கார்பன் வெச்சுத்தான் டைப் அடிப்பார். எல்லாத்தையும் பெட்டியில போட்டு அனுப்பியாச்சு.”

“இங்க வரலையாமே.”

“வராம எங்க போகும்? நானே கட்டினேன்.”

“நகல் எடுக்க என்ன தாள்?”

முதன்முறையாக அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “புதுத் தாள் வாங்கற மனுஷனா அவர்? அச்சகத்துலேர்ந்து ப்ரூஃப் வரும். திருத்தினது போக மிஞ்சினதோட பின்பக்கம்தான் வீட்டுல எல்லாத்துக்கும். நான் வாய்ப்பாடு எழுதிப் படிச்சதே ஒரு தேர்தல் தோல்விக்குப் பின்னாடிதான்.”

எனக்குப் பக்கத்தில் காப்பாளர் “ஐயையோ” என்றார்.

எல்லோரும் திரும்பினோம். அவர் கை வாய் மேல் இருந்தது. “ஒன்பது பெட்டி. நான்தான் எழுதினேன். ‘அச்சுப்படிகள். புத்தகம் வெளிவந்துவிட்டது. வரிசைப்படுத்தத் தேவையில்லை’ன்னு. மேல அச்சு தெரிஞ்சுது, அப்படியே கட்டிப் போட்டுட்டேன். ஒரு தாளைக்கூடத் திருப்பிப் பார்க்கலை.”

*

அடித்தளத்தில் அந்த ஒன்பது பெட்டிகளும் சுவரோரம் இருந்தன. மணி ஒன்று. நாலு பேரும் ஆளுக்கொரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். மகள் மட்டும் காப்பாளருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பேராசிரியர் எழுதாத ஆளே இல்லை. குடிநீர் வாரியத்துக்குப் பதினான்கு கடிதம். மாடி வீட்டுக்காரருக்கு, அவர் நாற்காலி இழுக்கும் நேரங்களின் பட்டியலோடு ஒன்று. பல் டாக்டருக்கு எழுதியதை நான் உரக்கவே படித்தேன்: ‘தாங்கள் பிடுங்கியது வலித்த பல் அல்ல. வலித்த பல் இன்னும் என்னிடமே உள்ளது.’

மகள் பக்கென்று சிரித்துவிட்டார். காப்பாளரும் சிரித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டே காலுக்கு அண்ணி, “கிடைச்சுது” என்றார். கத்தவில்லை. சாவி கிடைத்த மாதிரிச் சொன்னார்.

தாளின் ஒரு பக்கம் அச்சு. தலைவர் கைதாகும் அத்தியாயம். கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பு: தலைவர் கடிதம், எண் 17.

திருப்பினார். மறுபக்கம் ஊதா நிறத்தில் டைப் எழுத்து. தேதி, பதினெட்டாம் கடிதத்துக்குப் பத்து நாள் முன்னால்.

‘அன்புள்ள தலைவர் அவர்களுக்கு, போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கோபமாக இருந்தபோது சொன்னதை, அதாவது தலைமறைவு வீட்டைக் காட்டிக் கொடுத்தது செயலாளர்தான் என்பதை, இரண்டு வரி எழுத்தில் தரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். வரப்போகும் அந்தக் கடிதத்துக்குப் பதினேழு என்று எண் ஒதுக்கிப் புத்தகத்திலும் போட்டுவிட்டேன். அச்சகத்தார் காத்திருக்க மாட்டார்கள்.’

அதற்கு வந்த பதில்தான் பதினெட்டு. வேண்டாம், கோபத்தில் சொன்னது. பேராசிரியர் அதற்கு ஒழுங்காக எண் போட்டுக் குண்டூசி குத்தி வைத்துவிட்டு, அடிக்குறிப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்.

காப்பாளர் படித்துவிட்டுத் தாளை நீட்டினார். மகள் வாங்கிப் படித்தார், பதினெட்டில் என்ன இருந்தது என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டார். திரும்பப் படித்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். “இந்தப் பெட்டி இன்னும் பதிவேட்டுல ஏறலைல்ல?”

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி காப்பாளரைப் பார்த்தார்.

“ஏறலைங்க” என்றார் காப்பாளர். “வரிசைப்படுத்தாத காகிதத்தைக் கொடுத்தவங்க எழுதிக் கேட்டா திருப்பிக் கொடுக்கணும். அதுக்குப் படிவம் இருக்கு.” சுவரோர அலமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஒரு பென்சிலையும் சேர்த்து மகளிடம் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏம்மா, உங்களுக்குப் பைத்தியமா? இன்னும் முக்கால் மணி நேரத்துல உங்க தலை போகுது. அதைக் காப்பாத்தற ஒரே தாளு இது. அதை எடுத்துட்டுப் போகப் படிவமும் கொடுத்துப் பென்சிலும் கொடுக்கறீங்களே?”

“விதி அதுதாங்க. நான் காகிதத்தை மறைச்சேன்னுதான் கமிட்டி கூடுது. இப்ப இந்த விதியைச் சொல்லாம மறைச்சா, அவங்க சொல்றது நிஜமாயிடும்.”

மகள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தாள் ஒரு கையில், படிவம் ஒரு கையில். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. தீப்பிடித்த கடைகளில் முதலாளிகள் பேசி முடிக்கிற வரைக்கும் இப்படித்தான் நிற்பாராம்.

“எங்க அப்பா வேணும்னு பொய் சொல்ற ஆள் இல்லை” என்றார் மகள்.

“லெட்டர் வந்துடும்னு நம்பியிருப்பாருங்க” என்றேன். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் சொன்னேன். “வரலை. அதுக்குள்ள புத்தகம்…”

“வந்துச்சே. வேண்டாம்னு வந்துச்சே. நம்பர் போட்டு வெச்சிருக்காரே!” அழுதுகொண்டே கத்தினார். “எங்க வீட்டுல நாங்க ஒரு பொய் சொன்னா ரெண்டு நாள் பேச மாட்டார். ரெண்டு நாள்!”

படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் திணித்தார். கண்ணைத் துடைத்தார். “கமிட்டி எந்த ரூம்ல?”

*

நாங்கள் நாலு பேரும் ஒன்றாக நுழைந்ததில் இயக்குநர் கொஞ்சம் ஆடிப்போனார். அவரோடு இன்னும் இரண்டு உறுப்பினர்கள். மகள் தாளை மேஜையில் வைத்தார்.

“படிங்க.”

இயக்குநர் படித்தார். “இது நமக்குத் தெரிஞ்சதுதானேம்மா. புத்தகத்துல இருக்கறதுதானே.”

“திருப்புங்க.”

திருப்பினார். படிக்கப் படிக்க முகம் வெளுத்தது. பதினாறு, பதினெட்டு இரண்டையும் அண்ணி பக்கத்தில் வைத்து, ஊசித் துருவைக் காட்டி மூன்றே வாக்கியத்தில் விஷயத்தை முடித்தார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கதவைச் சாத்தச் சொன்னார்.

“அம்மா, இதை நாம நமக்குள்ள வெச்சுக்கலாம். பேராசிரியர் எவ்வளவு பெரிய பேரு. அவர் பேரு என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.”

“முப்பது வருஷம் இவங்க அப்பா பேரு என்ன ஆச்சோ, அது ஆகும்” என்றார் மகள். “எங்க அப்பா பொய் எழுதிட்டார். நான் சொல்றேன், எழுதிக்கங்க. புதுப் பதிப்புல அந்த அடிக்குறிப்பு வரக் கூடாது. இந்தத் தாளை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் போடணும். இல்லேன்னா புத்தகமே வராது. உரிமை என்கிட்ட இருக்கு.”

உறுப்பினர்கள் குனிந்து பேசிக்கொண்டார்கள். ஐந்து நிமிடம் ஆனது. பிறகு இயக்குநர் காப்பாளரைப் பார்த்து, “நீங்க போகலாம்” என்றார்.

“எங்கங்க?”

“உங்க சீட்டுக்கு.”

காப்பாளர் தலையசைத்துவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் நாலடி நடந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மகள் பின்னாலேயே வந்து இரண்டடி தள்ளி நின்றார். என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் போவது அபூர்வம்.

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்” என்று போனை எடுத்தார் காப்பாளர். அவர் அம்மாவுக்குக் காது மந்தம் போலிருக்கிறது. மறுமுனையில் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“என்னடி, இந்த நேரத்துல?”

“அம்மா… அந்த லெட்டரு… அப்படி ஒரு லெட்டரே இல்லம்மா. தலைவர் எழுதவே இல்லை. அப்பா காட்டிக் கொடுக்கலைம்மா.”

“அது எனக்குத் தெரியுமே” என்றது அந்தக் குரல். “நீ சாப்பிட்டியா, இல்லையா?”

காப்பாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. மணி மூன்றே முக்கால். அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.